மேலே என்று சொன்னேன்

கூரைக்கு மேலே யாரோ முணுமுணுத்துக்கொண்டு போகிறார்கள். ஒருவர் இல்லை, பலர். கான்வென்ட் விடுதியில் விளக்கை அணைத்த பிறகு பிள்ளைகள் எல்லோரும் பாதித் தூக்கத்தில் ஜெபமாலை சொல்லுவோமே, வார்த்தை ஒன்றும் விளங்காமல் தொண்டையும் மூக்கும் மட்டும் கேட்குமே, அப்படி ஒரு சத்தம். ஆனால் இது ஆகாயத்தில் போகிறது. வாசலுக்கு இடப்பக்கம் எங்கோ இருட்டில் தொடங்கி, கூரையைக் கடந்து, சமையலறை ஜன்னல் பக்கம் போய்த் தேய்கிறது, தேயும்போதே பின்னால் இன்னொரு கூட்டம். பாப்பு பால் குடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். ஒன்பது மாதம் அவளுக்கு. காலையில் நர்ஸ் வந்து தடுப்பூசி போட்டுவிட்டுப் போனதில் உடம்பு லேசாகச் சுடுகிறது, இருந்தும் கண்ணை அகலத் திறந்து கூரையைப் பார்க்கிறாள், தெரிந்தவர் யாரோ அங்கே உட்கார்ந்திருப்பதைப் போல. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்கு எல்லாமே பயம்தான், இவள் பிறந்த பிறகு அது இரண்டு ஆள் பயமாகிவிட்டது. ஒன்றுமில்லை செலின், பறவை, என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இந்தச் சத்தத்தைப் பகலில் ஒரு தரம் கேட்டிருக்கிறேன். பூநாரை. சேற்றில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மேயும்போது இப்படித்தான் தங்களுக்குள் ஓயாமல் பேசும். அருளப்பன்தான் காட்டினார். என் வீட்டுக்காரர், இந்தச் சதுப்புநிலச் சரணாலயத்தின் வனக்காப்பாளர். பறவைக் கணக்கெடுப்புப் பயிற்சி என்று காலையிலேயே மாவட்ட ஆபீசுக்குப் போய்விட்டார், நாளை மதியம்தான் வருவார். ராத்திரியில பூநாரை சும்மா எழும்பாது செலின், ஒண்ணு தண்ணி ஏறணும், இல்ல ஆளு நடக்கணும், என்று அன்றைக்குச் சொன்னார். தண்ணீர் ஏற இன்றைக்குக் காற்றே இல்லை, வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை. அப்படியென்றால் ஆள். கிழக்கே ஆள். கிழக்குப் பக்கம் எதற்கு ஆள் போகவேண்டும், அங்கே பறவை பார்க்கிறவர்கள் யாரும் போவதில்லையே, அங்கே இருப்பது, என்று நினைத்தவள் அதை முடிக்காமல் எழுந்து, பாப்புவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருகிறேன். வேப்பமரத்தடியில் அந்த வெள்ளைக் கார் நிற்கிறது. இன்னும் நிற்கிறது.

அவர்கள் வந்தது மூன்று மணி வாக்கில். சென்னையிலிருந்து, கணவனும் மனைவியும், இரண்டு பேருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். அவர் தில்லைநாயகம், மின்வாரியத்தில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவராம், கழுத்தில் பைனாகுலர், காலில் பளிச்சென்று புது ஷூ. அந்த அம்மா பெயர் வேதவல்லி, பருத்திப் புடவையை முழங்காலுக்குக் கீழே தூக்கிச் செருகியிருந்தார், காலில் ரப்பர் செருப்பு. பறவை பாக்கற கோபுரத்துல ஏறி எல்லாரும் பாக்கறதையே நாங்களும் பாத்தாச்சும்மா, என்றார் அவர், யாரும் போகாத இடம் ஒண்ணு இருக்காமே, கரண்டிவாயன் மடைன்னு, உங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்னு எங்க பறவை குரூப்புல ஒருத்தர் சொன்னார். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார், வரைபடத்தில் இந்த ஊருக்குத் தெற்கே எல்லாமே நீலம், ஒரு கோடு இல்லை, ஒரு பெயர் இல்லை. பாரும்மா, அரசாங்கத்துக்கே வழி தெரியலை. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். இவருக்கு வழி தெரியாட்டா அரசாங்கத்தத் திட்டுவாரு, வழி தெரிஞ்சா என்னத் திட்டுவாரு, நீ ஒண்ணும் நெனச்சுக்காத. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன், எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். நாள் முழுவதும் இந்த வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அருளப்பனைத் தேடி வருகிறார்கள், அவர் இல்லை என்றால் திரும்பிப் போகிறார்கள், கதவு, குழந்தை, துவைத்த துணி, இவற்றோடு ஒன்றாக என்னையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இவர் என்னிடம் வழி கேட்டார். எனக்குத் தெரியும் சார், என்றேன். தெரியும்தான். பாப்பு வயிற்றில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து சாயங்காலம் அருளப்பன் என்னை அங்கே கூட்டிப்போயிருக்கிறார். கல் மடையடியில் கரண்டிவாயன் பறவைகள் வரிசையாக நின்று, கரண்டி மூக்கால் தண்ணீரை இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டிருந்தன, பாத்திரம் கழுவுகிற மாதிரி. கேட்டுல சீட்டு வாங்கிட்டு நேரா போங்க, கருவேலங்காடு முடியும், இடிஞ்ச உப்பு ஆபீசு ஒரு சுவர் மட்டும் நிக்கும், அங்க பாதை ரெண்டாப் பிரியும், அங்கேருந்து மேலே போகணும் சார், மேலே போனா மடை. அருளப்பன் அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்த வார்த்தையை மாற்றக்கூட இல்லை. அவர்தான் கேட்டார். மேலேன்னா, மேடு மாதிரி ஒரு கரை போகுதே, அது மேலயா? நான் தலையை ஆட்டினேன். ஆமா சார், மேட்டு மேல.

ஆட்டினேனா, அல்லது சும்மா சிரித்தேனா. இல்லை, ஆட்டினேன், வாயாலும் சொன்னேன். மேட்டு மேல. இந்த இடத்துக்கு வந்ததும் நினைவு நின்றுவிடுகிறது, மறுபடியும் காரிலிருந்து அவர்கள் இறங்குவதிலிருந்து தொடங்கி வரிசையாக வந்து, இதே இடத்தில் கால் மாட்டிக்கொள்கிறது. நான் குன்னூர்க்காரி. எங்கள் ஊரில் மேலே என்றால் மேலேதான். மேலே கோயில், மேலே மார்க்கெட், கீழே பஸ் ஸ்டாண்ட், மூச்சு வாங்கினால் மேலே போகிறோம் என்று அர்த்தம், முழங்கால் வலித்தால் கீழே இறங்குகிறோம். கண்ணை மூடிக்கொண்டாலும் உடம்புக்குத் தெரியும். கான்வென்ட்டில் சிஸ்டர் கிளாடிஸ் பெரிய வரைபடத்தைச் சுவரில் மாட்டி, மேலே இருப்பது வடக்கு என்று பிரம்பால் தட்டிக் காட்டுவார், அதுவும் எங்களுக்குச் சுலபம், ஏறினால் காஷ்மீர். கல்யாணமாகி இங்கே வந்தபோதுதான் மேலே என்பதே இல்லாத ஒரு ஊரைப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றால் தரை ஓடிக்கொண்டே இருந்தது, எங்கேயும் முடியவில்லை, நான் விழுந்துவிடுவேன் என்று பயந்து அருளப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். தட்டையான தரையில எப்பிடி விழுவே, என்று சிரித்தார். அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மலையில் பயம் ஒரு பக்கத்தில் இருக்கும், அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். இங்கே அது எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிக் கிடக்கிறது. இப்போது, இந்த வாசலில், பூநாரைகள் கடைசியாகக் கடந்துபோன திசையைப் பார்த்தபடி நிற்கும்போதுதான் என் மாமியார் பேசுவது காதில் விழுகிறது. மேல வீட்டுல போயி ஒறமோரு வாங்கிட்டு வா. கீழண்டை சுவத்துல ஆணி அடிக்காத. மாடியே இல்லாத வீட்டில் மேல வீடு எது என்று நான் அன்றைக்கு முழித்ததும், அடுத்த வீடு என்று யாரோ சொல்ல ஓடிப்போய் வாங்கி வந்ததும். மேற்கு. இந்த ஊர்க்காரர்கள் வாயில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. அருளப்பன் என்னிடம் சொன்னது, சுவருகிட்டேருந்து மேல போகணும். மேற்கே போகணும். அன்றைக்கு அவர் பின்னாலேயே, வெயில் கண்ணில் பட, முந்தானையால் மறைத்துக்கொண்டு நடந்தேன், சாயங்கால வெயில், முகத்துக்கு நேரே. எவ்வளவு முட்டாள். வெயில் ஞாபகம் இருக்கிறது, திசை ஞாபகம் இல்லை. மேடாக உயர்ந்து போகிற அந்தக் கரை கிழக்கே போகிறது. கிழக்கே போய், உளையில் முடிகிறது.

உளை. அந்த வார்த்தையையும் இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். பார்த்தால் காய்ந்த சேறு மாதிரி, பாளம் பாளமாக வெடித்து, நடக்கலாம் போல இருக்கும். காலை வைத்தால் உள்ளே வாங்கும். கான்வென்ட்டில் மன உளைச்சல் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறேன், சிஸ்டர் அடியில் கோடு போட்டு நன்று என்று எழுதியிருந்தார், அந்தச் சொல்லுக்குள் சேறு இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. இழுக்க இழுக்க இறங்கும். உதற உதற இறுக்கும். போன வருஷம் ஒரு எருமை மாட்டிக்கொண்டபோது கயிறு கட்டி இழுத்தார்கள், வந்துவிட்டது, ஆனால் வெகுநேரம் எழுந்திருக்காமல் கரையில் படுத்தே கிடந்தது, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. அந்தக் கண் இப்போது வேண்டாம். புது ஷூ. அந்த ஷூவை எதற்காக அவ்வளவு நன்றாகப் பார்த்தேன். துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றால்தான் இங்கே போனில் சிக்னல் வரும். ஏறுகிறேன், ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் போன், அருளப்பன் எண்ணுக்குப் போடுகிறேன். நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார். மறுபடி. தொடர்பு எல்லைக்கு அப்பால். எவ்வளவு அமைதியாகச் சொல்கிறாள் அந்தப் பெண், அவள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள் போல. ரேஞ்ச் ஆபீஸ் எண்ணுக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, காலியான அறையில் மேசை மேல் அது அடிப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. வாட்சரும் அருளப்பனோடு போயிருக்கிறார். கேட்டில் சீட்டுக் கொடுக்கிறவர் இருட்டும் முன்பே வீட்டுக்குப் போய்விடுவார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கிறது. மீனவர் குப்பம் ரோட்டைத் தாண்டிப் போகவேண்டும், போகலாம், டார்ச் இருக்கிறது, ஆனால் பாப்பு நெற்றி சுடுகிறது, பனி இறங்கத் தொடங்கிவிட்டது, கல்லின் மேல் பாதம் ஈரமாக வழுக்குகிறது. இவளைத் தூக்கிக்கொண்டு போனால் இவளுக்கு ஏதாவது. விட்டுவிட்டுப் போனால். இரண்டு வயதானவர்களையும் ஒரு குழந்தையையும் தராசில் வைப்பது போல என் மனம் வைத்துப் பார்க்கிறது, வைத்ததற்காக வெட்கப்பட்டு எடுத்துவிடுகிறது, மறுபடியும் வைக்கிறது. மெதுவாக இறங்குகிறேன். மூக்கினடியில் விரலை வைத்துப் பார்க்கிறேன், மூச்சு வருகிறது, சூடாக, சின்னதாக. ஒரு நாளில் எத்தனையோ தரம் இப்படி வைத்துப் பார்க்கிறேன். அது நிற்காமல் வந்துகொண்டிருப்பது என் விரலால்தான் என்று எப்போதோ நம்பத் தொடங்கிவிட்டேன்.

கதவை அகலத் திறந்து வைக்கிறேன். டியூப்லைட் வெளிச்சம் படியிலிருந்து இறங்கி, முற்றத்தைக் கடந்து, முள்வேலி வரைக்கும் போய் நின்றுவிடுகிறது. இப்படி ஒரு நாளும் செய்ததில்லை. இருட்டுறதுக்கு முன்னாடி தாழ்ப்பாளப் போட்டுரு, யாரு கூப்பிட்டாலும் ஜன்னல் வழியாப் பேசு, என்பார் அருளப்பன். மார்கழியில் வாத்து பிடிக்க யாரோ வலை கட்டியிருந்தார்கள், கண்ணுக்கே தெரியாத நைலான் வலை, இவர் அதை அறுத்து எரித்தார். இரண்டு நாள் கழித்துக் காலையில் கோலம் போடக் கதவைத் திறந்தால் படியில் ஒரு வலைத்துண்டு, நன்றாக மடித்து, கைக்குட்டை மாதிரி. ஒரு வார்த்தை இல்லை. கூச்சல் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது, அந்த மடிப்புதான் பயம். அன்றிலிருந்து ஆறு மணிக்கே தாழ்ப்பாள். உப்புக்காற்றில் துருப்பிடித்த தாழ்ப்பாள், கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் ஓட்டையில் இறங்கும். இப்போது என்னைத் தவிர இந்த இருட்டில் வெளிச்சத்தில் இருப்பவர் யாரும் இல்லை. அங்கே யார் நின்றாலும் நான் தெரிவேன், என் கையில் குழந்தை இருப்பது தெரியும், என் புடவை நிறம்கூடத் தெரியும். எனக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். சாத்திவிடலாமா. சாத்தி, ஜன்னலில் ஒரு விளக்கு வைக்கலாம். ஜன்னல் மேற்கே பார்க்கிறது. சதுப்பைப் பார்க்க இந்த வீட்டில் இருப்பது இந்த வாசல் ஒன்றுதான். நாற்காலியை இழுத்து வாசலுக்கு உள்ளே போட்டு உட்கார்கிறேன். பாப்பு மறுபடியும் பால் குடிக்கிறாள், முந்தானையைச் சரிசெய்கிறேன், யாருக்காக. எங்கேயோ ஆட்காட்டிக் குருவி கத்துகிறது, நிற்கிறது. உட்கார்ந்திருக்கும்போது பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிகிற மாதிரி அடியில் போய்ப் படிகிறது. பயம் போய்விடவில்லை, அடியில் இருக்கிறது, மேலே தெளிவாக இருக்கிறது. மேலே. அந்த வார்த்தை இல்லாமல் இனி எதையும் நினைக்க முடியாதா.

அப்போது கண்ணாடியை யாரோ தட்டுகிறார்கள். காரின் கண்ணாடி. டக், டக், பொறுமையாக. என் உடம்பில் இருந்த பால் உறைந்துபோனது போலிருந்தது, பாப்பு வாயை எடுத்துச் சிணுங்கினாள். எழுந்தேன். கதவின் விளிம்பில் கை இருந்தது, ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். வலையை மடிக்கிற விரல்கள், டக், டக். பிறகு ஒரு குரல். ஏங்க, தொறங்க. கோவம் இருந்தா சாப்பிட்டுட்டுக் கோச்சுக்கலாம், தொறங்க. நான் படியில் இறங்கி ஓடினேன். வேதவல்லி அம்மா தனியாக நின்றிருந்தார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கார் ஜன்னலில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், இவரு எங்கம்மா, உள்ள இருக்காரா, என்றார். உங்க கூட வரலையாம்மா. எங்கூட எங்க வந்தாரு, பிரிஞ்ச எடத்துலேயே சண்டை. நான் மேக்கால போகணும்கிறேன், அவரு மேட்டு மேல ஏறணும்கிறாரு. அந்தப் பொண்ணு மேலேன்னுதானே சொல்லிச்சு, எனக்குக் காது இல்லையான்னு ஒரே சத்தம். சரி, உங்களுக்கு உங்க மேல, எனக்கு என் மேலன்னு நான் கெளம்பிட்டேன். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன், அவர் கை ஜில்லென்று இருந்தது, நான் பிடித்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. கரண்டிவாயனப் பாத்தேன். நல்லா இருந்திச்சு. அவரு வருவாரு வருவாருன்னு பாத்துட்டு, இருட்டினதும் அந்தச் சுவருகிட்ட வந்து உக்காந்து கூப்டுக் கூப்டுப் பாத்தேன். கோவிச்சுக்கிட்டா முன்னாடியே வந்து கார்ல உக்காந்துக்குவாரு, எப்பவும் அப்படித்தான், கல்யாண வீடா இருந்தாலும் சரி. உள்ளே அழைத்துவந்து தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. அம்மா, நான் சொன்னதுதான் தப்பு, என்று தொடங்கினேன். தெரியும், என்றார். நான் மன்னார்குடிக்காரி, எனக்கு மேலேன்னா மேக்கு. அவரு சைதாப்பேட்டை. நீ தலைய ஆட்டினப்பவே, இது நம்ம பக்கத்துப் பொண்ணு இல்லேன்னு நெனச்சேன். எந்த ஊரு? குன்னூர், என்றேன். அதான். அங்கெல்லாம் மேலேன்னா மேலேதான் இருக்கும். பிறகு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே, அந்த மேடு போய் முடியற எடத்துல என்ன இருக்கு, என்று கேட்டார்.

பொய் சொல்லலாம். ஒன்றுமில்லை அம்மா, வெறும் கரைதான், என்று சொல்லலாம், அவர் தண்ணீரைக் குடிப்பார். வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. உளைம்மா, என்றேன். உளை என்றால் என்ன என்று இவருக்கு விளக்க வேண்டியதில்லை, வயல்காட்டில் பிறந்தவர், டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தார், ஒரு சத்தமும் வராமல். எழுந்து வாசற்படியில் போய் நின்று இருட்டைப் பார்த்து, ஏங்க, என்றார். ஏங்க. வீட்டுக்குள் அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற அளவுக்குத்தான் குரல் வந்தது. இன்னும் கொஞ்சம் உரக்க, ஏங்க. அந்த வார்த்தையில் கூப்பிடுவதற்கு ஒன்றுமே இல்லை. அது முள்வேலி வரைக்கும் போய், வெளிச்சம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. நீ கூப்பிடும்மா, என்றார் என்னிடம். பேர் சொல்லிக் கூப்பிடு. நான் சொல்ல மாட்டேன், கல்யாணம் ஆன நாள்லேருந்து சொன்னதில்ல, ரேஷன் கடையிலகூட எழுதித்தான் காட்டுவேன். நான் கூப்பிட்டேன். தில்லைநாயகம் சார். கான்வென்ட்டில் எங்களுக்குச் சத்தம் போடாதே என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள், பெண் பிள்ளையின் குரல் அடுத்த பெஞ்சைத் தாண்டக்கூடாது, எனக்குக் குரல் பாதியிலேயே உடைந்து சார் என்பது மட்டும் கொஞ்சம் போனது. எத்தனை சார்கள் இருக்கிறார்கள் உலகத்தில். பாப்பு அழ ஆரம்பித்தாள். அவளைத் தட்டிக்கொண்டே மறுபடியும், தில்லைநாயகம் சார். தவளைகள் ஒரு கணம் நிறுத்தி, பிறகு தொடங்கின. அந்த அம்மா என் பக்கம் திரும்பவில்லை. படியிலிருந்து இறங்கி, முற்றத்தின் நடுவே போய், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வயிற்றிலிருந்து எடுத்து ஒரு கத்தல். தில்லைநாயகம். வரப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆள் கூப்பிடுகிற குரல், நீளமாக இழுத்து, கடைசி எழுத்தைத் தரையில் விடாமல். தில்லைநாயகம். மொட்டையாக, சின்னப் பையனைக் கூப்பிடுவது போல. அது வேலியைத் தாண்டிப் போனதை நான் கேட்டேன், அது கருவேலங்காட்டைத் தாண்டிப் போனதைக் கேட்டேன். ஆட்காட்டி பதறிக்கொண்டு எழும்பிக் கத்தியது, கிழக்கே. பிறகு வெகுநேரம் ஒன்றுமே இல்லை. அந்த நேரத்தில் நான் ஜெபிக்கவில்லை, எந்த ஜெபமும் வரவில்லை, பாப்புவின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன், தட்டுவதை நிறுத்தினால் ஏதோ நடந்துவிடும். பிறகு, சிறியதாக, எரிச்சலோடு, கிழக்கேயிருந்து ஒரு குரல். வர்றேன், வர்றேன். அந்த அம்மா முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார், வெறும் தரையில். பிறகு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் போல வந்து படியில் நின்றார்.

வேலியைத் தாண்டி வெளிச்சத்துக்குள் அவர் வந்தபோது ஒரு காலில்தான் ஷூ இருந்தது. மற்றக் கால் தொடைவரைக்கும் கறுத்திருந்தது. பைனாகுலரை மட்டும் ஒரு கையால் நெஞ்சோடு தூக்கிப் பிடித்திருந்தார், பிரசாதம் கொண்டுவருகிறவர் மாதிரி. ஒரு கால்தான் வெச்சேன், என்றார் மனைவியிடம், இன்னும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கரையை விட்டு ஒரே ஒரு கால். அதுக்கே கோரையப் புடிச்சு, மண்ணப் புடிச்சு, படுத்து, உருண்டு. அப்புறம் அசையலை. போன்ல சார்ஜ் இல்ல. கரையிலேயே உக்காந்துட்டேன். ஊர்ல ஒரே ஒரு லைட்டுதான் தெரியுது, இந்த வீட்டு லைட்டு, ஆனா நடுவுல என்ன இருக்குன்னு தெரியலையே, எந்தக் கால எடுத்து எங்க வைக்கறது. சத்தம் கேட்டப்புறம்தான் கரை இப்பிடித் திரும்புதுன்னு புரிஞ்சுது. வந்து படியில் உட்கார்ந்தார். அந்த அம்மா வாளித் தண்ணீரை எடுத்து அவர் காலில் ஊற்றினார், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே வேகமாக. பூநாரைம்மா, என்று தில்லைநாயகம் சார் என்னிடம் சொன்னார், குரல் மாறியிருந்தது. அவ்வளவு கிட்ட நான் பாத்ததே இல்ல. நான் விழுந்த சத்தத்துல எல்லாமே எழும்பிப் போயிடுச்சு. பாவம், நல்லா மேஞ்சுக்கிட்டு இருந்ததுங்க. யாருக்கும் தெரியாத எடம்னு ஆசைப்பட்டு வந்து, அதுங்களுக்குத் தெரிஞ்ச எடத்த நான் கெடுத்துட்டேன். போட்டோ எடுத்தீங்களா, என்றார் அம்மா. நெறைய. குரூப்புல போட்டு, எடத்தையும் போட்டீங்கன்னா, நாளைக்கு எவனாவது ரெண்டு காலையும் வெப்பான். போடலை, என்றார். போடவே மாட்டேன். நான் உள்ளே போய் அருளப்பனின் கைலியும் துண்டும் எடுத்து வந்தேன். அதற்குள் அவர் பாக்கெட்டைத் தடவிக்கொண்டிருந்தார், இந்தப் பாக்கெட், அந்தப் பாக்கெட், மறுபடி இந்தப் பாக்கெட். சாவி, என்றார் அந்த அம்மா. அவர் கிழக்கே பார்த்தார். நல்லது, என்றார் அம்மா, ஷூவுக்குத் துணைக்குப் போயிருக்கு. என் பக்கம் திரும்பி, ஏம்மா, காலையில வரைக்கும் இங்க ஒரு ஓரமா, என்று இழுத்தார். சோறு இருக்கும்மா, ரசம் இருக்கு, அப்பளம் பொரிக்கறேன், என்றேன், எனக்கே கேட்கும்படி அவ்வளவு உரக்க, அவ்வளவு அவசரமாக. பாப்புவை வாங்கிக்கொண்டு நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார் அந்த அம்மா. ஊசிக் காய்ச்சல்தான், விடிஞ்சா எறங்கிரும். தில்லைநாயகம் சார் உள்ளே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஈரக் காலால் தரையில் ஒற்றைத் தடம் பதித்தபடி நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தார். உட்கார்ந்த பிறகு கேட்டார், ஆமா, யாரு என் பேரச் சொல்லிக் கூப்பிட்டது? மொட்டையா. சாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த அம்மா பாப்புவின் சட்டையில் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. இந்தப் பொண்ணுதான், என்றார். அவர் என்னைப் பார்த்தார். நல்ல தொண்டைம்மா உனக்கு, என்றார். ஆமா சார், என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தி, கொஞ்சம் தூக்கிப் பிடித்து, தாழ்ப்பாளைப் போட்டேன்.